மாதத்தில் இரண்டு இரவு முதலாளி

கிருஷ்ணகிரி
16.4.2025

தென்றலுக்கு,

உன் நம்பரை நான் பிளாக் செய்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் விமல்ராஜ் போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்திருந்தான். நேற்றுக் காலையில் போனை நீட்டி, "சார், உங்க தங்கச்சி மாதிரியே ஒருத்தங்க, பாருங்க" என்றான். பார்த்தேன். கோணி விரித்து அதன்மேல் ஊரார் செருப்பெல்லாம் ஜோடி ஜோடியாக. நடுவில் நீ. கையில் ஒரு ரப்பர் செருப்பை என்னவோ பூச்செண்டு மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறாய். என் தங்கை பி.எஸ்சி. கணிதம், அவள் ஏன் அங்கே உட்காரப் போகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். அவன் நம்பவில்லை. அவன் சிரித்ததை நீ பார்த்திருந்தால் அந்தக் கோணியை அன்றைக்கே சுருட்டியிருப்பாய்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். மே மாதம் முடிவதற்குள் நீ வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வருடாந்திர உறுதிமொழி கொடுக்க வேண்டும். எந்த வேலையிலும் இல்லை, சுயதொழில் எதுவும் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை தொடரும். அந்தத் தொகையை வைத்து மாளிகை கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது வருகிற வரைக்கும் நீ வேலை தேடும் பட்டதாரி. அது நின்றுபோனால் இத்தனை வருடப் பதிவு மூப்பும் அதோடு போய்விடும். டிகிரி முடித்த உன்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், அந்த வரிசையில் வெயிலில் நின்று பதிவு செய்தவன் நான். அதைச் செருப்புக்காகத் தொலைத்துவிடாதே.

கோணியைச் சுருட்டு. கையெழுத்துப் போடு. காத்திரு. நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் வேலை வாங்கினோம்.

வளவன்


அடி அண்ணாமலை
22.4.2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. குறுக்கே பேச முடியவில்லைதான். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாம்பாரை இறக்கிவிட்டு வர முடிகிறது. போனைவிட இது எவ்வளவோ மேல்.

விமல்ராஜிடம் சொல்லுங்கள், அது பூச்செண்டு பிடித்தது இல்லை. வார் அறுந்துபோன செருப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். படம் எடுத்த கையோடு அவர் தன் செருப்பையும் என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனார். அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நீங்கள் வருஷா வருஷம் கிரிவலம் வருகிறவர். யோசித்துப் பாருங்கள். கோபுரத்துப் பக்கம் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறோம். சுற்றி முடிப்பதற்குள் போலீஸ்காரர்கள் வழியை மாற்றிவிடுகிறார்கள். ஊருக்குள் பஸ் வராது. செங்கம் ரோட்டில் ஒரு தற்காலிக பஸ் ஸ்டாண்டு, வேட்டவலம் ரோட்டில் ஒன்று, வேலூர் ரோட்டில் ஒன்று. செருப்பு ஒரு மூலை, பஸ் ஒரு மூலை. கொப்புளம் போட்ட காலோடு கூட்டத்தை எதிர்த்துத் திரும்பி நடக்க முடியாமல் ஜனங்கள் செருப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் குப்பை வண்டியில் பாதி செருப்புதான்.

நான் செய்வது இதுதான். காசிம் பாய் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து செருப்பை வாங்கிக்கொண்டு, எந்த ரோட்டில் பஸ் ஏறுவீர்கள் என்று கேட்பேன். செங்கம் ரோடு என்றால் பச்சை டோக்கன், வேலூர் ரோடு என்றால் நீலம், வேட்டவலம் ரோடு என்றால் மஞ்சள். வாடகை வேன் ஓட்டுகிற பரசுராமன் வண்டியில் ஏறிச் செருப்பு அவர்களுக்கு முன்னால் அங்கே போய்க் காத்திருக்கும். டோக்கனைக் கொடுத்தால் செருப்பு, ஒரு கேள்வி கிடையாது. டோக்கனைத் தொலைத்தவர்கள் மட்டும் பெயரும் ஊரும் சொல்லி, தெரிந்தவர் ஒருவரைச் சாட்சிக்கு நிறுத்தி, அவர் என்ன உறவு என்பதையும் எல்லார் முன்னாலும் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். இது வரைக்கும் ஒரு ஜோடி மாறியதில்லை.

நம் வீட்டில் யாரும் அடுத்தவர் செருப்பைத் தொட்டதில்லை என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், எழுதவில்லை. ஞாபகம் வந்திருக்கும். உங்களுக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து கல்யாணம் ஆகும் வரைக்கும் உங்கள் ஷூவுக்குத் தினமும் பாலிஷ் போட்டது நான். பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில். அதற்கு டோக்கனும் இல்லை, காசும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது விஷயம். அரசாங்க விதியெல்லாம் கரைத்துக் குடித்தவர் நீங்கள், ஆபீசில் கண்காணிப்பாளர். அதனால் உங்களையே கேட்கிறேன். நான் செய்வது சுயதொழிலா, இல்லையா? இல்லை என்றால் நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோணியிலும் உட்காருவேன். ஆமாம் என்றால் கையெழுத்துப் போடுவது பொய். ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.

அம்மா சௌக்கியம். உங்களைப் பற்றி விசாரிக்கவில்லை.

தென்றல்


கிருஷ்ணகிரி
28.4.2025

தென்றலுக்கு,

கேட்டதற்குப் பதில்: இல்லை.

தொழில் என்றால் ஒரு இடம் இருக்க வேண்டும். உனக்கு இருப்பது காசிம் பாயின் வாசப்படி. ஒரு பெயர்ப்பலகை, மேஜை, தலைக்குமேல் ஒரு ஃபேனாவது இருக்க வேண்டும். உனக்கு இருப்பது ஒரு கோணி. நாலு பேர் வந்தால் முதலாளி எழுந்து நின்று வணக்கம் சொல்வார். நீ அவர்கள் காலடியில் குனிகிறாய். மாதத்தில் இரண்டு இரவு முதலாளி, மீதி நாளெல்லாம் வேலையில்லாதவள். இதற்குப் பெயர் தொழில் என்றால் கோயில் வாசலில் கையேந்துகிறவனும் தொழிலதிபர்தான், அவனாவது தினமும் வருகிறான்.

ஆகவே தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். நீ ஒன்றும் செய்யவில்லை. அதுதான் உண்மை.

இனி நான் சொல்லப்போவதை ஒழுங்காகப் படி. ஓவியாவுக்கு வேலூரில் ஒரு வரன் கூடிவந்திருக்கிறது. பையன் பேங்கில் இருக்கிறான். சித்ரா பௌர்ணமிக்கு அவர்கள் குடும்பமும் நாங்களும் சேர்ந்து கிரிவலம் வருவதாகப் பேச்சு. அவர்கள் கூட்டமாக வருவார்கள், நாலு பக்கமும் பார்ப்பார்கள். பெண்ணின் அத்தை தெருவில் செருப்பு அடுக்குகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்தால் உன் அண்ணியின் முகத்தில் நான் விழிக்க முடியாது. அந்த ஒரு பௌர்ணமி மட்டும் உட்காராதே. உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள். உன் மருமகளுக்காக இது கூடச் செய்யமாட்டாயா?

வளவன்


அடி அண்ணாமலை
15.5.2025

அண்ணனுக்கு,

உட்கார்ந்தேன். கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடி பெரிய கூட்டம் வருகிற பௌர்ணமி அது. அன்றைக்கு உட்காராவிட்டால் அதுவரைக்கும் உட்கார்ந்ததே வீண். ஆனாலும் உங்களுக்காக ஒன்று செய்தேன். முக்காடு மாதிரி துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். காசிம் பாய்கூட "என்னம்மா, எங்க ஊட்டுப் பொண்ணுங்க மாதிரி உக்காந்துகிற" என்று கேட்டுச் சிரித்தார்.

நீங்கள் என் பக்கம் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். உங்கள் சம்பந்தி அம்மாதான் உங்களை இழுத்து வந்தார் என்பது எனக்குத் தெரியும். "இங்க குடுத்தா வேலூர் ரோட்டுக்கே வந்துடுதாங்க, போன தடவ என் தங்கச்சி குடுத்தா" என்று அவர் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அண்ணி கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். கும்பிட்டுக்கொண்டே இருந்தார். ஓவியா என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், நீங்கள் அவள் தோளில் கை வைத்தீர்கள், மூடிக்கொண்டாள்.

அப்புறம் நீங்கள் உங்கள் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "எவ்வளவும்மா?" என்று கேட்டீர்கள்.

அம்மா என்றீர்கள். உங்களைவிடப் பதினாலு வயது சின்னவளை, நீங்கள் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்த்தவளை. நானும் "இருபது ரூபா, சார்" என்றேன். பச்சை டோக்கனைக் கொடுத்தேன். விரல் படாமல் வாங்கினீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது, அண்ணா. பின்னால் வரிசை நின்றதால் அழவில்லை.

சம்பந்தி அம்மாவுக்குப் பாதி வழியிலேயே கொப்புளம். வேலூர் ரோட்டில் அவர் செருப்பை நானே கொண்டுபோய்க் காலில் மாட்டிவிட்டேன். "நீ நல்லா இருப்ப, யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். உள்ளூர்தான் என்றேன். உங்கள் மானத்தை என் கோணியிலேயே பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

பிறகு செங்கம் ரோட்டுக்கு வந்தேன். நீங்கள் கொஞ்ச தூரத்தில் நின்று என்னைப் பார்த்தீர்கள். வந்து டோக்கனைக் கொடுத்துவிடுவீர்கள் என்று உங்கள் செருப்பை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் வெறுங்காலோடு காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

உறுதிமொழியில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்தால் "நீ ஒன்றும் செய்யவில்லை" என்று நீங்கள் எழுதியது முன்னால் வந்து நிற்கிறது. அன்றைக்கு அத்தனை பேர் காலும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தது. ஒன்றும் செய்யாமலா?

தென்றல்


கிருஷ்ணகிரி
21.5.2025

தென்றலுக்கு,

நாடகம் போதும். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? "இவள்தான் என் தங்கை, கணிதப் பட்டதாரி, செருப்புப் பிரிவு" என்று அறிமுகம் செய்துவைத்திருக்க வேண்டுமா? உட்காராதே என்று எழுதினேன். உட்கார்ந்தது நீ. தெரியாத மாதிரி போனதுதான் அந்த இடத்தில் உனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போயும் விடவில்லை. "அந்தச் செருப்புக்காரப் பொண்ணு என்னா பொறுப்பு, என்னா பொறுப்பு" என்று போனில் உன் அண்ணி தேவிப்ரியாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

என் செருப்பு உன்னிடம் இருக்கிறது. லெதர் செருப்பு, உன் அண்ணி வாங்கிக்கொடுத்தது. டோக்கனை அன்றைக்கே வீசி எறிந்துவிட்டேன். பார்சலில் அனுப்பு.

கையெழுத்துப் போட உனக்குக் கை வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். பொய் சொல்லக் கூசுகிறதாம். மாதம் இரண்டு இரவு செருப்பு பொறுக்குவதற்கு இவ்வளவு மனசாட்சியா? சொன்னால் நீ கேட்க மாட்டாய், சொல்ல வேண்டியவர்கள் சொன்னால் கேட்பாய். 26ஆம் தேதி ஒரு வேலையாகத் திருவண்ணாமலை வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன்.

வளவன்


அடி அண்ணாமலை
30.5.2025

அண்ணனுக்கு,

என்ன வேலையாக வந்தீர்கள் என்று இப்போது தெரிந்தது.

நேற்று வேலைவாய்ப்பு அலுவலகம் போனேன். கையெழுத்துப் போட இல்லை, நிறுத்தச் சொல்ல. மேஜைக்குப் பின்னால் இருந்த மேடம் என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "உங்க அண்ணன் வந்திருந்தாரும்மா" என்றார். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். இந்தப் பெண் உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு லாபகரமாகத் தொழிலும் நடத்துகிறாள். வேன் வைத்திருக்கிறாள். மூன்று ரோட்டிலும் கூடாரம். ஆள் போட்டு வேலை வாங்குகிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் அலைமோதுகிறது. நடவடிக்கை எடுப்போம் என்று நாலு வார்த்தை மிரட்டி வையுங்கள்.

சொந்த அண்ணன், வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவர், அதே ஆபீசுக்குப் போய்க் காட்டிக்கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்துவிட்டது. கோணி எங்கே போயிற்று? வாசப்படி எங்கே? கோயில் வாசலில் கையேந்துகிறவன் எங்கே? ஒரே மாதத்தில் என்னைத் தொழிலதிபர் ஆக்கிவிட்டீர்கள். இந்த ஊரில் என் தொழிலைத் தொழில் என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அதுவும் ஒரு அரசாங்க மேஜை முன்னால்.

மேடத்திடம் நான் கேட்டேன். மாசத்துல ரெண்டு ராத்திரி சம்பாதிச்சா அது சுயதொழிலா மேடம், இல்ல இன்னும் ஆரம்பிக்கிற நிலைமையா? அவர் சொன்னார்: "ரெண்டு ராத்திரின்னாலும் தொழில் தொழில்தாம்மா. இப்பதான் தொடங்கினேன்னு சொல்லிகினு எத்தினி நாளைக்கு ரெண்டு பக்கமும் நிப்பீங்க? நீங்களா வந்து சொல்லிட்டீங்க, பிரச்சனை இல்ல. உதவித்தொகை நின்னுடும். பதிவு அப்படியேதான் இருக்கும், தேதி வந்தா புதுப்பிச்சுக்குங்க."

பதிவு போகாதாம். நீங்கள் எதைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை ஊமையாக உட்காரச் சொன்னீர்களோ அது எங்கேயும் போகாதாம். விதியைக் கரைத்துக் குடித்தவர், இதை மட்டும் எப்படிக் குடிக்காமல் விட்டீர்கள்? தொழில் தொடங்குகிற பட்டதாரிகளுக்கு மானியத்தோடு கடன் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையத்தில் கேள் என்றும் சொன்னார். அங்கே போனால் வேலையில்லாதவள் என்று காட்டச் சொல்வார்கள் போலிருக்கிறது. அதற்கு உங்கள் பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.

படிவத்தில் என்ன தொழில் என்று ஒரு இடம் இருந்தது. காலணிப் பாதுகாப்பு என்று எழுதினேன்.

செருப்பு பத்திரமாக இருக்கிறது. ஆனால் பார்சல் கிடையாது. டோக்கனைத் தொலைத்தவர்களுக்கு என்ன விதி என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஜூன் பௌர்ணமிக்குச் செங்கம் ரோட்டில் இருப்பேன். வாருங்கள். பெயரும் ஊரும் சொல்லுங்கள். சாட்சிக்கு நானே நிற்கிறேன். சாட்சி உங்களுக்கு என்ன உறவு என்பதை மட்டும் வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி நீங்கள் சொல்ல வேண்டும். வேறு எதுவும் கேட்கமாட்டேன். மேடத்திடம் போனதைப் பற்றிக்கூடக் கேட்கமாட்டேன்.

தென்றல்


கிருஷ்ணகிரி
9.6.2025

தென்றலுக்கு,

பதிவு போகாது என்பது எனக்குத் தெரியாது. எங்கள் துறை வேறு. மிரட்டினால் பயந்து கோணியைச் சுருட்டுவாய் என்று நினைத்தேன். நீ பயப்படுகிறவள் இல்லை என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. உன் நன்மைக்குத்தான் போனேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தம் ஜூன் 22, வேலூரில். அம்மாவை மட்டும் அனுப்பி வை. அந்த அம்மாள் உன்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணம் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தேவிப்ரியா சொல்கிறாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஓவியா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அதற்கும் காரணம் நீதான்.

பௌர்ணமிக்கு வரப்போவதில்லை. ரோட்டில் நின்று உறவு முறை சொல்ல வேண்டிய நிலையில் நான் இல்லை. டோக்கன் கிடைத்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். உன் விதிப்படியே செய்.

வளவன்


அடி அண்ணாமலை
16.6.2025

ஐயா,

டோக்கன் வந்து சேர்ந்தது. வீசி எறிந்ததாகச் சொன்னது பர்ஸில் இருந்திருக்கிறது போல, மடித்த தடம் தெரிகிறது. பச்சை நிறம், செங்கம் ரோடு. எண் சரியாக இருக்கிறது.

செருப்பு இத்துடன் வருகிறது. இடது கால் வார் பிய்கிற மாதிரி இருந்தது, தைத்து வைத்தேன். பாலிஷ் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை போட்டுக்கொண்டு பாருங்கள், பழைய கைதான்.

22ஆம் தேதி அம்மாவை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். ஓவியாவுக்கு என் ஆசீர்வாதத்தை அம்மா சொல்லுவாள்.

உங்களிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. எங்கள் கடையில் டோக்கன் கொடுத்தவரை யாரென்று கேட்பதில்லை.

தென்றல்
உரிமையாளர்